குரோஃபோர்டு வழக்கும் 1889ஆம் ஆண்டுப் பொறுப்புவிலக்குச் சட்டமும்

லஞ்சம் வாங்கிய மேலதிகாரியைப் பிடிக்க, கொடுத்தவர்களுக்கு அரசு அளித்த வாக்குறுதியால் பம்பாய், இந்திய அரசுகளும் லண்டனும் முரண்பட்ட விவகாரம் இது. கடைசியில் ஒரு தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

ஆர்தர் டிராவர்ஸ் குரோஃபோர்டு பம்பாய் நகரின் முதல் முனிசிபல் கமிஷனர். குரோஃபோர்டு மார்க்கெட் அவர் பெயரால் அமைந்தது. பின்னர் புனேயில் மத்திய கோட்டக் கமிஷனரானார். ஆடம்பரக்காரர், கழுத்துவரை கடன். மாம்லேதார்களின் (நம் தாசில்தார்களைப் போன்றவர்கள்) இடமாற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஹனுமந்தராவ் என்பவர் வழியாக அவருக்குப் பணம் போவதாகப் புகார் எழுந்தது. கொடுத்தவர்கள் வாய் திறந்தால்தான் வழக்கு நிற்கும். உள்ளதைச் சொன்னால் வழக்கும் இல்லை, வேலையும் போகாது என்று ஆளுநர் ரே பிரபுவின் அரசு உறுதியளித்தது. மாம்லேதார்கள் ஒப்புக்கொண்டார்கள்.

அரசு ஊழியர் மீதான விசாரணைக்கான 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிபதி ஆர்தர் வில்சன் தலைமையில் 1888இல் விசாரணைக் குழு அமர்ந்தது. லஞ்சக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றது குழு. விதியை மீறித் தம் அதிகார எல்லைக்குள் கடன் வாங்கியது மட்டும் உறுதியானது. அதற்காகக் குரோஃபோர்டு பணிநீக்கம் செய்யப்பட்டார். ஹனுமந்தராவ் ஏற்கெனவே தண்டனை பெற்றிருந்தார்.

ஆனால் பதவியை விலைக்கு வாங்கியவர் அதை வகிக்கக்கூடாது என்றது 1809ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம். மாம்லேதார்கள் மாஜிஸ்திரேட்டுகளும்கூட. காசு கொடுத்ததைத் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவர் மறுநாள் நாற்காலியில் அமர்ந்து பிறரைத் தண்டிப்பதா என்று லண்டனில் கேட்டார்கள். கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்றது பம்பாய். இந்தியா மந்திரி கிராஸ் பிரபு அதை முழுதாக ஏற்கவில்லை. 1889 செப்டம்பரில் புனேயில் கூடிய பொதுக்கூட்டத்தில் மாம்லேதார்களுக்காகத் திலகர் வாதாடினார். அரசின் வாக்கை நம்பியவர்களைக் கைவிடுவது துரோகம் என்ற அவர் கட்சியில் நியாயம் இருந்தது.

அவ்வாண்டே இந்திய அரசு இயற்றிய சட்டம் சாட்சிகளை வழக்கிலிருந்து காத்தது. வேலையை எல்லோருக்கும் காக்கவில்லை. நெருக்கடிக்குப் பணிந்து கொடுத்தவர்கள் நீடித்தார்கள். பதவி உயர்வுக்காக விரும்பிக் கொடுத்தவர்கள் வெளியேறினார்கள்.

இந்த வேறுபாடு இன்றைய ஊழல் தடுப்புச் சட்டத்திலும் உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் லஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம்.