கரைக்கு இறங்கும் சாமிகள்

மாசி மகத்தன்று மயிலம் மலையிலிருந்து முருகன் புறப்பட்டு, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறான். அந்தக் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனத்தின் திருமடம், சற்று வடக்கே மீனவர் ஊரான பொம்மையார்பாளையத்தில் இருக்கிறது. மலைக்கோயிலுக்கும் கடலுக்கும் உள்ள உறவு இந்த மடத்தின் இருப்பிடத்திலேயே தெரிகிறது.

ஜப்பானில் கனகாவா மாநிலத்தின் சிகசாக்கி கடற்கரைக்கும் சாமிகள் வருகின்றன. ஜூலை மாதக் கடல் தினத்தன்று விடியற்காலையில், சமுகாவா ஆலயம் முதலான ஷிண்டோ ஆலயங்களின் பல்லக்குகள் சுமார் நாற்பது அங்கே கூடும். விழாவின் பெயர் ஹமாஓரி. கரைக்கு இறங்குதல் என்று பொருள்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: உப்புநீர் தூய்மை தரும். ஆனால் முறை வேறு. நம் கரையில் உற்சவர் பந்தலில் வீற்றிருக்க, அவர் சார்பில் அஸ்திரதேவர் கடலில் மூழ்கி எழுவார். கூடவே மக்களும் முழுக்குப் போடுவார்கள், முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பார்கள். சிகசாக்கியில் ‘தொக்கோய், தொக்கோய்’ என்று குரல் கொடுத்தபடி பல்லக்கையே தோளோடு அலைக்குள் சுமந்து போகிறார்கள். நம் சாமி அலங்காரத்தோடு காட்சி தருவதற்காக வருகிறது. அவர்கள் சாமி பல்லக்குக்குள் மறைந்தே இருக்கிறது. சுமப்பதுதான் அங்கே வழிபாடு.

மீனவர் இடம்பெறும் கதைகள்தான் இவ்விரு மரபுகளையும் மிக அருகில் கொண்டுவருகின்றன. 1838இல் ஆற்றில் விழுந்து காணாமல்போன சமுகாவா பல்லக்கைச் சிகசாக்கி மீனவர் ஒருவர் கண்டெடுத்துத் திருப்பித் தந்தாராம். அந்த நன்றிக்கே சாமி ஆண்டுதோறும் கரைக்கு வருகிறது என்பார்கள். நம் பக்கம் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் வரும்போது, மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்றே வரவேற்கிறார்கள். தாயார் பத்மினி அவர்கள் குலத்துப் பெண். அங்கே நன்றிக்கடன், இங்கே பெண் எடுத்த உறவு. இரண்டிலும் சாமிதான் மீனவரைத் தேடி வருகிறது.

அப்படி வருகிற சாமிக்கு நிற்க மணல் வேண்டும். புதுச்சேரித் துறைமுகச் சுவர்கள் வடக்கு நோக்கிப் போகும் மணலைத் தடுத்துவிட, பொம்மையார்பாளையம் வரை கடல் கரையைத் தின்றுவருகிறது. அலை வீட்டு வாசலுக்கு வந்த ஊர்களில், தீர்த்தவாரி மரபைக் காப்பதும் மீனவர் கரையைக் காப்பதும் ஒரே வேலை. சாமியை இறக்கி வைப்பதும் படகை ஏற்றி வைப்பதும் அதே மணலில்தானே!