கூடைப்பந்தாட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு

கூடைப்பந்தாட்டத்தின் வெற்றி தோல்வி திறமை, பயிற்சி, உடல்வலிமை ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றோடு, எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத தற்செயல்களும் முடிவைப் பாதிக்கின்றன. வளையத்தின் விளிம்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் துள்ளும், முக்கிய வீரர் எந்த நாளில் காயமடைவார் என்பன இத்தகையவை. இவற்றையே பொதுவாக அதிர்ஷ்டம் என்கிறோம். விதிகளிலும் போட்டி முறையிலும் ஏற்பட்ட சில மாற்றங்கள் இதன் பங்கைக் குறைத்துள்ளன, முற்றிலும் நீக்கிவிடவில்லை.

தொடக்கம்

இவ்விளையாட்டின் பிறப்பிலேயே தற்செயலுக்கு இடமுண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், உடற்பயிற்சி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் தம் மாணவர்கள் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காக இதனை உருவாக்கினார். அவர் கேட்டவை இரண்டு பெட்டிகள். கட்டடப் பணியாளரிடம் இருந்தவையோ பீச் பழக்கூடைகள். அவை மாடத்தின் கைப்பிடியில் அறையப்பட்டன. அந்த உயரம் 10 அடி. வளையத்தின் உயரம் இன்றும் அதுவே. முதல் ஆட்டம் 1–0 என முடிந்தது.

எண்ணிக்கை கூடினால் அதிர்ஷ்டம் குறையும்

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவதில் வியப்பில்லை. ஆயிரம் முறை சுண்டினால் எழுநூறு முறை தலை விழுவது நடவாத செயல். கூடைப்பந்துக்கும் இது பொருந்தும். பந்தை வளையத்தை நோக்கி எறியும் வாய்ப்புகள் குறைந்தால், வலிமை குறைந்த அணியும் வெல்லக்கூடும்.

1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, அப்போதைய சாம்பியனான மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை எதிர்கொண்டது. பலம் மிகுந்த எதிரணிக்கு வாய்ப்புத் தராமல், பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பிஸ்டன்ஸ் வீரர்கள் நேரத்தைக் கடத்தினர். ஆட்டம் 19–18 என அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

இத்தகைய ஆட்டங்கள் பார்வையாளர்களுக்குச் சலிப்பூட்டின. எனவே 1954இல் என்.பி.ஏ. அமைப்பு, பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் எறிய வேண்டும் என்று விதித்தது. ஓர் அணியின் சராசரிப் புள்ளிகள் ஏறத்தாழ 79இலிருந்து அடுத்த பருவத்தில் 93ஆக உயர்ந்தன. எறிவுகள் பெருகியதால் தற்செயலின் பங்கும் குறைந்தது.

ஏழு ஆட்டத் தொடரின் நோக்கமும் இதைப் போன்றதே. ஓர் ஆட்டத்தில் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்புள்ள அணி, நான்கு வெற்றிகள் தேவைப்படும் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 71 விழுக்காடு. அப்போதும் பத்தில் மூன்று தொடர்கள் வலிமை குறைந்த அணிக்குச் செல்லக்கூடும்.

விழாத 27 எறிவுகள்

1979-80 பருவத்தில் என்.பி.ஏ.யில் மூன்று புள்ளி எறிவு அறிமுகமானது. மதிப்பு மிகுந்த இந்த எறிவு, விழும் வாய்ப்புக் குறைந்தது. இதனை நம்பி ஆடிய ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, 2017-18 பருவத்தில் 65 ஆட்டங்களை வென்றது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் 3–2 என முன்னிலையும் பெற்றது. ஆனால் ஐந்தாம் ஆட்டத்தில் காயமடைந்த கிறிஸ் பால் அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆட இயலவில்லை.

ஏழாம் ஆட்டத்தில் ராக்கெட்ஸ் அணியின் 27 மூன்று புள்ளி எறிவுகள் அடுத்தடுத்துத் தவறின. ஆட்டம் 101–92 எனக் கைநழுவியது. ஓர் எறிவு விழும் வாய்ப்பு 36 விழுக்காடு என்று கொண்டால், 27 எறிவுகள் தொடர்ந்து தவறும் நிகழ்தகவு ஏறத்தாழ 1,70,000இல் ஒன்று. களைப்புக்கும் எதிரணியின் தடுப்பாட்டத்திற்கும் இதில் பங்கிருக்கலாம். ஆயினும் அவற்றால் மட்டுமே இதனை விளக்குவது கடினம்.

இரண்டு எறிவுகள்

2001 மே 20 அன்று டொராண்டோ ராப்டர்ஸ், ஃபிலடெல்ஃபியா 76அர்ஸ் அணிகள் கிழக்குப் பிரிவு அரையிறுதியின் ஏழாம் ஆட்டத்தில் மோதின. இறுதி விநாடிகளில் டொராண்டோவின் வின்ஸ் கார்ட்டர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியேறியது. ஃபிலடெல்ஃபியா 88–87 என வென்றது. அன்று காலை கார்ட்டர் தம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்குச் சென்று திரும்பியிருந்தார். தோல்விக்குப் பின் அந்தப் பயணம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்தப் பந்து விழுந்திருந்தால் அதே பயணம் பாராட்டுக்குரியதாகப் பேசப்பட்டிருக்கலாம்.

2019 மே 12 அன்று அதே அணிகள், அதே கட்டத்தில், மீண்டும் ஏழாம் ஆட்டத்தில் சந்தித்தன. 90–90 எனச் சமநிலையில் இருந்தபோது, டொராண்டோவின் காவாய் லெனர்ட் மூலையிலிருந்து பந்தை எறிந்தார். பந்து வளையத்தின் மீது நான்கு முறை துள்ளி, ஆட்ட நேரம் முடிந்த பிறகு உள்ளே விழுந்தது. விழாமல் போயிருந்தால் கூடுதல் நேரம் ஆட வேண்டியிருந்திருக்கும். டொராண்டோ அவ்வாண்டு தன் முதல் சாம்பியன் பட்டத்தைப் பெற்றது. இறுதித் தொடரில் எதிரணியான வாரியர்ஸ், கெவின் டுரான்ட், கிளே தாம்சன் ஆகியோரைக் காயத்தால் இழந்ததும் அதற்கு உதவியது.

அந்த எறிவுக்கான இடத்தை ஏற்படுத்திக்கொண்டது லெனர்டின் திறமை. நான்காம் துள்ளலுக்குப் பின் பந்து உள்ளே சாய்ந்தது அவர் கையில் இல்லை. 18 ஆண்டுகளுக்கு முன் கார்ட்டரும் அதே அளவு உழைத்தே அந்த எறிவை அடைந்தார். முடிவை மட்டும் கொண்டு ஒருவரை வீரர் என்றும் மற்றவரைப் பொறுப்பற்றவர் என்றும் மதிப்பிடுவது, பந்து துள்ளிய திசைக்கு மதிப்பெண் இடுவதாகும்.