பறக்கும் மருத்துவரும் பெரியையாவின் பழைய பேப்பரும்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. இரவுப் பதிப்பின் வேலை முடியும் தறுவாயில், கோலாலம்பூரிலிருந்து நான்கு வரிச் செய்தியொன்று என் மேசைக்கு வந்தது. புக்கிட் ஜலீல் மைதானத்தில் கைருல் ஹஃபீஸ் ஜந்தான் என்ற இளைஞர் 200 மீற்றரை 20.90 செக்கனில் ஓடி, 49 ஆண்டுகளாக நிலைத்திருந்த மலேசியச் சாதனையை முறியடித்திருந்தார். பழைய சாதனையாளரின் பெயர் கடைசி வரியில் இருந்தது: மணி ஜெகதீசன், மெக்சிக்கோ, 1968, 20.92 செக்கன். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் அச்செய்தியை ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டு வீடு திரும்பினேன். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஜெகதீசனின் பெயரை நான் முதன்முதலில் கேட்டது புங்குடுதீவில், என் பத்து வயதளவில். மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை 'மலாயா பென்சன்காரர்' என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பெரியையா அவர்களில் ஒருவர். ஈப்போவில் ரயில்வே எழுதுவினைஞராக இருந்தவர். திரும்பி வந்தபோது அவர் கொணர்ந்தவற்றில் ஒரு சாய்வுநாற்காலியும், கறுத்துப்போன ஒரு கைக்கடிகாரமும், அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டும் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தத் துண்டில் ஓர் இளைஞன் நெஞ்சை முன்னே தள்ளி நாடாவை அறுத்துக்கொண்டிருந்தான். "எங்கடை பொடியன்" என்பார் பெரியையா. பேராக் மாநிலத்தின் குவாலா கங்சாரில் 1943 நவம்பர் 2ஆம் திகதி பிறந்த ஒருவர் எந்தக் கணக்கில் எங்கள் பொடியன் ஆவார் என்று நான் கேட்டதில்லை. பெயர் தமிழ்ப் பெயர். பெரியையாவுக்கு அது போதுமாயிருந்தது.

1960இல் ரோம் ஒலிம்பிக்கிற்கு மலாயா அனுப்பிய அணியில் ஜெகதீசன் 400 மீற்றர் ஓடியபோது அவருக்குப் பதினேழு வயது நிரம்பவில்லை. இரண்டாண்டுகள் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் 200 மீற்றர் தங்கம் அவருடையதாயிற்று. அதே விழாவில் 100 மீற்றர் தங்கத்தை வென்றவர் இந்தோனேசியாவின் சாரெங்கத். அவரும் பின்னாளில் மருத்துவரானவர் என்பது ஒரு விந்தையான ஒற்றுமை. ஆசியாவின் அதிவேக மனிதர்கள் இருவரும் ஊசியும் மருந்துமாக வாழப் போகிறவர்கள் என்று அன்றைக்கு மைதானத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்களா?

கதையின் சுவையான பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. அதை நான் பெரியையாவிடமன்றி, பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகே முழுமையாக அறிந்துகொண்டேன். 1963 செப்டெம்பர் 16ஆம் திகதி மலேசியா உருவானபோது சிங்கப்பூரும் அதன் ஓர் அங்கமாயிற்று. ஆகவே 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்கெனத் தனிக்கொடி இல்லை. அங்கே மலேசியச் சீருடையில் 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டம் ஓடியவர்களில் ஒருவர் கனகசபை குணாளன். உதைபந்தாட்டத்தில் ஊறியிருந்த ஆசிரியர். பயிற்றுநர் டான் எங் யூன் அவரை ஓடுபாதைக்கு இழுத்து வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதே ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீற்றர் அரையிறுதி வரை சென்றார். இரண்டு தமிழர்கள், ஒரே நாட்டின் சின்னம் நெஞ்சில்.

பத்து மாதங்கள்கூடச் செல்லவில்லை. 1965 ஓகஸ்ட் 9ஆம் திகதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. நாடு பிரிந்தால் நாணயம் பிரியும், இராணுவம் பிரியும், கடவுச்சீட்டு பிரியும் என்பது நமக்குத் தெரிந்ததே. அஞ்சலோட்ட அணியும் பிரியும் என்பதை வரலாற்று நூல்கள் எழுதுவதில்லை. கோலைக் கொடுப்பவனின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே கையை நீட்டப் பழகியவர்கள், மறுமுறை சந்திக்கும்போது அடுத்தடுத்த தடங்களில் எதிராளிகளாக நிற்கவேண்டியதாயிற்று.

அந்தச் சந்திப்பு 1966 டிசெம்பரில், பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவின் 100 மீற்றர் இறுதிப் போட்டியில் நிகழ்ந்தது. மலேசியாவுக்கு ஜெகதீசன், சிங்கப்பூருக்குக் குணாளன். இருவருக்கும் 10.5 செக்கன் என்றே நேரம் பதிவாயிற்று. நடுவர்கள் புகைப்படத்தின் துணையோடு தங்கத்தை ஜெகதீசனுக்கும் வெள்ளியை குணாளனுக்கும் கொடுத்தார்கள். 'ஒரு மயிரிழை' என்று நாங்கள் செய்தியில் சர்வசாதாரணமாக எழுதிவிடுகிறோம். அந்த மயிரிழையோடு ஆயுள் முழுவதும் வாழ்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை எழுதும்போது எண்ணுவதில்லை. குணாளன் பிறகு பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குபவராகப் பணிபுரிந்தார். 1968இல் மெக்சிக்கோவில் அவர் ஓடிய 10.38 செக்கன், 2001இல் யு.கே. ஷியாம் 10.37 ஓடும்வரை 33 ஆண்டுகள் சிங்கப்பூரின் தேசியச் சாதனையாக நின்றது.

பாங்கொக்கில் ஜெகதீசன் 200 மீற்றரையும் வென்றார். 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டத்திலும் மலேசியாவுக்கே தங்கம். அந்த நால்வரில் மூவர் தமிழர்: ஜெகதீசன், தம்பு கிருஷ்ணன், இராஜலிங்கம் குணரத்தினம், நான்காமவர் முகமது அரிஃபின் அகமது. அதே விழாவில் பெண்களுக்கான 400 மீற்றரை வென்றவரும் ஒரு தமிழ்ப் பெண்தான், எம். இராஜமணி. மலேசிய அரசு முதன்முதலாக 1966இல் அறிவித்த ஆண்டின் சிறந்த வீரர், வீராங்கனை விருதுகள் ஜெகதீசனுக்கும் இராஜமணிக்கும் கிடைத்தன. பெரியையாவின் அலுமாரிப் படம் பாங்கொக்கில் எடுக்கப்பட்டதாகத்தான் இருக்கவேண்டும்.

இவ்வளவும் மருத்துவப் படிப்பின் நடுவே நடந்தது என்பதே பெரியையா விடாமல் சொல்லிக்கொண்டிருந்த சங்கதி. ஜெகதீசனைப் 'பறக்கும் மருத்துவர்' என்று பத்திரிகைகள் அழைத்தன. பெரியையா அந்தப் பட்டத்தைத் தன் தம்பியாகிய என் ஐயாவுக்கு எதிரான ஆயுதமாகவே பயன்படுத்தினார். என் அண்ணர் பாடசாலை அஞ்சலோட்ட அணியில் கடைசிக் கோலை வாங்கி ஓடுபவர். மடத்துவெளிப் பக்கத்து உப்புத் தரையில் வெறுங்காலோடு பயிற்சி செய்வார். உயர்தரப் பரீட்சை நெருங்கிய ஆண்டில் ஐயா ஓட்டத்தைத் தடுத்துவிட்டார்.

"படிக்கிறவன் ஓடக்கூடாதெண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு?" என்று பெரியையா திண்ணையிலிருந்து கேட்டார். "ஜெகதீசன் டொக்டருக்குப் படிச்சுக்கொண்டுதானே ஓடினவன்!"

"அது மலாயா, அண்ணை. அங்கை ஓடினாலும் சோறு கிடைக்கும்" என்றார் ஐயா.

அதற்குப் பெரியையாவிடம் பதில் இருக்கவில்லை. ஐயா சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளவேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியில் ஒரு புள்ளி குறைந்தாலும் வாழ்க்கை திசைமாறிய காலம் அது. யாழ்ப்பாணம் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு ஆசிய விளையாட்டு விழாவின் முதல் தங்கத்தைக் கொணர்ந்தவர், படிப்பிலும் உச்சம் தொட்டவர். அந்த உதாரணமும் ஐயாவை அசைக்கவில்லை. வட்டாரப் போட்டியன்று அண்ணர் வீட்டில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடத்தில் ஓடிய பையன் கோலைத் தவறவிட்டான். மருத்துவபீடமும் அண்ணருக்குக் கிடைக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் அவர் கனடாவுக்குப் போனார்.

ஜெகதீசனின் கடைசி ஒலிம்பிக் மெக்சிக்கோ. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருந்தது. ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கரித்தூள் தடத்துக்குப் பதில் செயற்கைத் தடம். குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு இரண்டுமே சாதகம் என்பதை மறுக்கமுடியாது. ஆனால் அந்தச் சாதகம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததுதானே. இருபத்தைந்து வயதை எட்டவிருந்த நிலையில் 200 மீற்றர் அரையிறுதிக்கு வந்து 20.92 பதிவுசெய்தார். இறுதிக்குப் போகவில்லை. அந்த இறுதியில்தான் டொமி ஸ்மித் 19.83 ஓடி, மேடையில் ஜோன் கார்லோஸுடன் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினார். உலகம் அந்தப் படத்தை நினைவில் வைத்தது, அரையிறுதிகளை மறந்தது.

பின்னர் ஜெகதீசன் நுண்ணுயிரியல் துறையில் பெயர்பெற்றார். சல்மொனெல்லா கிருமிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராகவும், சுகாதாரத்துறையின் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். பொதுநலவாய விளையாட்டுகளிலும் ஆசிய விளையாட்டுகளிலும் மருத்துவ, ஊக்கமருந்துத் தடுப்புப் பணிகளுக்குத் தலைமை தாங்கினார்.

பெரியையா 1988இல் காலமானார். 1991இல் தீவே இடம்பெயர்ந்தது. 2003இல் நான் வாணர் பாலத்தைக் கடந்து ஊர்போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, கதவுநிலைகள் இல்லை. அலுமாரி எங்கே இருக்கப்போகிறது? அலுமாரி நின்ற மூலையில் பூவரசு ஒன்று முளைத்திருந்தது.

2017இன் அந்த இரவில் உறக்கம் வராமல், கனடாவில் பகலாயிருக்கும் என்று கணக்குப் பார்த்து அண்ணரை அழைத்தேன். ஜெகதீசனின் சாதனை போய்விட்டது என்றேன்.

"எவ்வளவு?"

"இருபது தசம் ஒன்பது பூச்சியம்."

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நூற்றில் இரண்டு செக்கன்தானே" என்றார். "பெரியையா இருந்திருந்தால், காற்று எந்தப் பக்கம் அடிச்சதெண்டு பார்த்தனியோ எண்டு கேட்டிருப்பார்."