குருதி கெட்டுப் போகவில்லை: சிறுதட்டுக்களைத் தாக்கும் பிறபொருளெதிரிகள்

காலில் சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே வரும் கண்டல்கள், பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம். இவற்றோடு வருபவர்களிடம், வன்னியில் வைத்தியராகப் பணியாற்றும் நான் அடிக்கடி கேட்கும் விளக்கம் ஒன்றுதான்: "இடம்பெயர்ந்த காலத்திலை பட்டினி கிடந்தது, அதாலை இரத்தம் கெட்டுப்போச்சு." பிள்ளைக்கு வந்தால் தாய்மார் தங்களையே நொந்துகொள்கிறார்கள். வைத்தியசாலை அட்டையில் 'ஐ.ரி.பி.' என்று எழுதப்படும் நோய்க்கு இந்த விளக்கம் பொருந்தாது.

இரத்தக் கசிவை அடைப்பவை குருதிச் சிறுதட்டுக்கள். ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் இவை வழமையாக 150,000 முதல் 450,000 வரை இருக்கும். கிருமிகளைத் தாக்க வேண்டிய பிறபொருளெதிரிகள், இந்நோயில் சொந்தச் சிறுதட்டுக்களிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அப்படி அடையாளமிடப்பட்டவற்றை முக்கியமாக மண்ணீரல் அழித்துவிடுகிறது. என்பு மச்சையில் புதியவை உருவாவதும் தடைப்படலாம்.

1950இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் ஹரிங்டன் இந்நோயாளி ஒருவரின் குருதியைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணித்தியாலங்களில் அவருடைய சிறுதட்டுக்கள் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்தன. சில நாட்களில் மீண்டன. நோயில்லாத அவருக்கு அந்தக் குருதியில் இருந்த ஏதோ ஒன்றுதான் இதைச் செய்தது. அது பிறபொருளெதிரி என்பது பின்னர் தெளிவானது.

முதற்படி முழுக் குருதிக் கலங்களின் எண்ணிக்கைப் பரிசோதனை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் இதைச் செய்யலாம். டெங்குவிலும் எண்ணிக்கை குறையும். ஆனால் அங்கே காய்ச்சல் முன்னே வரும். பிறபொருளெதிரிப் பரிசோதனைக்காகக் கடன்பட்டுக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம். ஏனைய காரணங்களை விலக்கியே இதை உறுதிசெய்கிறோம்.

பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஆறு மாதங்களுக்குள் தானாகவே மாறிவிடும். பெரியவர்களில் நீடிப்பது அதிகம். பிறெட்னிசொலோன் தரப்பட்டால் அதைத் திடீரென நிறுத்தக்கூடாது. ஏற்றப்படும் சிறுதட்டுக்களையும் இதே பிறபொருளெதிரிகள் அழித்துவிடும். அதனால்தான் கடுமையான இரத்தப்போக்கில் மட்டும் ஏற்றுகிறோம். அது கவனயீனம் அல்ல.

எங்கள் மக்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. எறிகணைச் சிதறல்களின் வலிக்கு டைக்குளோபெனாக், இபுபுறூபன், அஸ்பிரின் வாங்கிப் போடுபவர்கள் பலர். இவை சிறுதட்டுக்களின் வேலையைத் தடுப்பவை. இந்நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. சிதறலை அகற்றவோ பல் பிடுங்கவோ போனால் நோயை முதலில் சொல்லுங்கள். நோய்க்காகவோ போர்க் காயத்தாலோ மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் கட்டாயம் தெரிவியுங்கள். பிறபொருளெதிரிகள் சிசுவையும் சென்றடையும்.

கடும் தலையிடி, மயக்கம், கறுப்பு மலம், நிற்காத மூக்கிரத்தம் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.