மலையும் மனிதரும் – 17: இறங்கத் தெரிந்தவரின் பள்ளிக்கூடம்

1938 ஜூலை 21. கே-2 மலையில், சுமார் 26,000 அடி உயரத்தில் இரண்டு அமெரிக்கர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் குழுத் தலைவர் சார்லஸ் ஹூஸ்டன், மருத்துவ மாணவர். மற்றவர் பால் பெட்ஸோல்ட், வயோமிங் மாநிலத்தில் மலை வழிகாட்டியாகப் பிழைத்தவர். உலகின் இரண்டாவது உயரமான சிகரம் இன்னும் 2,000 அடிக்கு மேல் இருந்தது. அதுவரை அந்த மலையில் எவரும் அவ்வளவு உயரம் போனதில்லை. உடம்பில் இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்தது.

கையில் தீக்குச்சிதான் இல்லை. கீழ் முகாமிலிருந்து கிளம்பும்போது எடுத்துவர மறந்துவிட்டார்கள். சட்டைப் பையில் கிடந்த குச்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் பல ஈரத்தில் நமுத்துப் போயிருந்தன. தீக்குச்சி இல்லையென்றால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. கீழே உணவும் குறைந்துகொண்டிருந்தது, வானிலை எப்போது வேண்டுமானாலும் மாறலாம். இருவரும் இறங்கினார்கள். அந்தக் குழுவில் போன அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

மறு ஆண்டு, அதே மலைக்கு, அதே அப்ரூஸி முகட்டின் வழியாக இன்னொரு அமெரிக்கக் குழு போனது. தலைவர் ஃப்ரிட்ஸ் வீஸ்னர். திறமையில் அவரை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் குறைவு. சிகரத்துக்குச் சில நூறு அடி தூரம்வரை போய்விட்டார். மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் இடையே செய்தித் தொடர்பு அறுந்துபோனது. மேலிருப்பவர்கள் இறந்திருப்பார்கள் என்று நினைத்து இடைமுகாம்களிலிருந்த படுக்கைப் பைகளைக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். டட்லி வுல்ஃப் என்பவர் உயரமான முகாமில் தனியாகச் சிக்கிக்கொண்டார். அவரை மீட்கப் போன பசங் கிகுலி உட்பட மூன்று ஷெர்பாக்களும் திரும்பவில்லை. முந்தைய ஆண்டு ஹூஸ்டன் குழுவுடன் போய்ப் பத்திரமாக ஊர் சேர்ந்தவர் இதே பசங் கிகுலி. அவர் பெயரை எங்கே படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மலை ஒன்று, பாதை ஒன்று, இடைவெளி ஓராண்டு. முடிவெடுத்த விதமும் ஆட்கள் ஒருவரோடொருவர் நடந்துகொண்ட விதமும்தான் வேறு. இந்த வேறுபாட்டைப் பாடமாக்கிச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டு, முடியும் என்று செய்துகாட்டியவர் பெட்ஸோல்ட்.

அவரே ஒரு காலத்தில் முட்டாள்தனமாக மலையேறியவர்தான். 1924-இல், 16 வயதில், ஒரு நண்பனைச் சேர்த்துக்கொண்டு 13,775 அடி உயரமுள்ள கிராண்ட் டீட்டான் சிகரத்தில் ஏறக் கிளம்பினார். மாடு மேய்ப்பவர்கள் போடும் பூட்ஸ், ஜீன்ஸ், சட்டைப்பைக் கத்தி, இவ்வளவுதான் ஏற்பாடு. முதல் முயற்சியில் இரவு முழுக்கப் பாறை இடுக்கில் குளிரில் விறைத்து, சாவைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். சில நாட்கள் கழித்து மீண்டும் போய்ச் சிகரத்தைத் தொட்டார்கள். பிறகு அதே மலையில் மற்றவர்களைக் கூட்டிப் போகும் தொழிலையே பெட்ஸோல்ட் தொடங்கினார். காற்று பேய்போல வீசும் பாறையில் கயிற்றின் இரு முனையில் இருப்பவர்கள் கத்துவது ஒருவருக்கொருவர் கேட்காது. பாதிச் சொல் காதில் விழுந்தாலும் குழப்பம் வராதபடி, ஒவ்வொரு அழைப்புக்கும் அசைகளின் எண்ணிக்கை வேறாக இருக்குமாறு குரல் குறிப்புகளை அவர் வகுத்தார். ஆங்கிலம் பேசும் மலையேறிகள் இன்றும் கிட்டத்தட்ட அந்தக் குறிப்புகளைத்தான் சொல்கிறார்கள்.

அட்லான்டிக் கடலுக்கு அப்பால் இன்னொரு மனிதர் இதே கேள்வியை வேறு வழியாக வந்தடைந்தார். குர்ட் ஹான், பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மானியப் பேரரசின் கடைசித் தலைமை அமைச்சர் இளவரசர் மாக்ஸின் செயலாளராக இருந்தார். அவரோடு சேர்ந்து 1920-இல் சாலெம் பள்ளியைத் தொடங்கினார். 1932-இல் பொடெம்பா என்ற ஊரில் ஒரு தொழிலாளியை நாஜிப் படையினர் அவன் தாயின் கண்ணெதிரே மிதித்துக் கொன்றார்கள். கொலையாளிகளுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அனுப்பினார். உடனே ஹான் தன் முன்னாள் மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார்: ஹிட்லரா, சாலெமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ஆண்டு அவரைச் சிறையில் அடைத்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு தலையிட்ட பிறகு வெளியே வந்து, பிரிட்டனுக்குப் போய், 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை ஆரம்பித்தார்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறிய பிறகு, வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் சாகிறார்கள் என்று ப்ளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட் நம்பினார். அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த நம்பிக்கையில் பிறந்த பள்ளி மட்டும் நிலைத்துவிட்டது. 1941-இல் வேல்ஸ் கடற்கரையில், அபர்டோவியில், ஹானும் ஹோல்ட்டும் சேர்ந்து தொடங்கிய அந்தப் பள்ளிக்குக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதைக் குறிக்கும் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ என்ற பெயரை வைத்தவர் ஹோல்ட். ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி: படகோட்டுவது, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடிப்பது, மீட்புப் பணி, கடைசியில் மலைகளைக் கடக்கும் நெடும்பயணம். கப்பல் பயிற்சிப் பையன்களும் தொழிற்சாலைப் பையன்களும் பணக்காரப் பள்ளி மாணவர்களும் ஒரே படகில் துடுப்புப் போட்டார்கள்.

இந்தப் பள்ளி 1962-இல் அமெரிக்காவுக்குப் போனது. கொலராடோ மாநிலத்தின் மார்பிள் என்ற மலையூரில் இடம் பிடித்தது. அங்கே பயிற்றுநராக வேலைக்குச் சேர்ந்தார் பெட்ஸோல்ட். மாணவர்களைவிட அவர் கவலைப்பட்டது பயிற்றுநர்களைப் பற்றி. துணிச்சலான ஆட்கள் தாராளமாகக் கிடைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு நிதானம் உள்ளவர்கள் கிடைக்கவில்லை. அப்படியானால் அவர்களை நாமே உருவாக்குவோம் என்று 1965-இல் வயோமிங்கின் லேண்டர் என்ற சிற்றூரில் தேசிய வெளிப்புறத் தலைமைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதை ‘நோல்ஸ்’ என்பார்கள். மறு ஆண்டே பெண்களையும் சேர்த்துக்கொண்டது.

ஹானின் வழி மனத்தை உரமாக்கும் வழி. நாஜிகளை நேரில் பார்த்தவர் அப்படி எண்ணியதில் பெரிய நியாயம் இருக்கிறது. ஆனால் தலைமையைக் கற்றுத்தருவதில் பெட்ஸோல்ட் ஒரு படி முன்னே போனார் என்பது என் கருத்து. தைரியம் இளைஞர்களிடம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது, பற்றாக்குறை தீர்மானிக்கும் திறனில்தான் என்று அவர் கண்டார். அந்தத் திறன் வர வேண்டுமென்றால் தீர்மானிக்கும் பொறுப்பையே அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

விண்ட் ரிவர் மலைத்தொடரில் ஒரு மாதம் நடக்கும் அந்தப் பயிற்சியை நினைத்துப் பாருங்கள். தினமும் மாணவர்களில் ஒருவர் அன்றைய தலைவர். எந்தக் கணவாய் வழியாகப் போவது, எப்போது கிளம்புவது, கால் கொப்புளத்தோடு பின்தங்குபவரின் மூட்டையை யார் பிரித்துச் சுமப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு 1,000 அடி ஏற்றமும் சமதளத்தில் 2 மைல் நடப்பதற்குச் சமம் என்று ஒரு கணக்கை பெட்ஸோல்ட் கற்றுக்கொடுத்தார். இதைப் போடாமல் கிளம்பிய தலைவர், இருட்டில் கூடாரம் அடிக்க நேரும். அன்று மாலை பசியோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களின் முகத்தை அவர் பார்த்தாக வேண்டும். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை பயிற்றுநர் குறுக்கிடமாட்டார். பக்கத்தில் நடந்துகொண்டே, தவறு நிகழ்வதைப் பொறுத்திருந்து பார்ப்பது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பயிற்சியின் முடிவில் அவரும் விலகிவிடுவார். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, பெரியவர் துணையின்றி மலையை விட்டு வெளியே வர வேண்டும். அந்தக் காலத்தில் கடைசிச் சில நாட்களுக்கு உணவும் கிடையாது. ஓடையில் மீன் கிடைத்தால் உண்டு.

கூட்டாகப் பயணம் செய்பவர்கள் ஒருவரையொருவர் நடத்தும் முறைக்கு பெட்ஸோல்ட் தனியாக ஒரு பாடமே வைத்தார். சமையல் முறை வரும்போது நழுவுவது, தன் பங்கு சர்க்கரையை ஒளித்துவைப்பது, தலைவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பது போன்ற அற்பக் காரியங்கள்தான் குழுக்களை உடைக்கின்றன என்றார். கயிறு கட்டத் தெரிவதற்கு நிகரான மதிப்பை இதற்கும் கொடுத்தார். இன்று நோல்ஸ் பாடத்திட்டத்தில் தலைமைக்கு நான்கு வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பிறர் தலைமையில் நல்ல துணையாக நடப்பது. அதையும் தலைமையின் பகுதியாகவே அவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

1970-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் இந்தப் பள்ளியை நாடறியச் செய்தது. மாணவர்கள் குவிந்தார்கள். பள்ளி வளர வளர நிர்வாகக் குழுவுக்கும் நிறுவனருக்கும் ஒத்துப்போகவில்லை. 1970-களின் நடுவில் பெட்ஸோல்ட் தான் கட்டிய பள்ளியை விட்டு வெளியேறினார். ஆனால் கற்பிப்பதை நிறுத்தவில்லை. 1984-இல், 76 வயதில், முதல் ஏற்றத்தின் 60-ஆம் ஆண்டு நினைவாக கிராண்ட் டீட்டான் சிகரத்தில் மீண்டும் ஏறினார். பத்தாண்டு கழித்து இன்னொரு முறை கிளம்பி, சிகரத்தை எட்டாமலே திரும்பினார். 1999-இல் தம் 91-ஆம் வயதில் காலமானார். நாசாவின் விண்வெளி வீரர்கள் குழுவாக வாழப் பழகுவதற்காக இந்தப் பள்ளியோடு மலைப்பயணம் போகத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

தலைமைப் பயிற்சி முகாம் என்ற பெயரில் இன்று பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறவர்கள் பலர். எங்கே நிற்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும், எந்தக் கயிற்றில் தொங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பெரியவர்களே சொல்லிவிட்டு, கடைசியில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பும் முன் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கட்டாயம் கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: ஒரு நாளாவது அன்றைய வழியை என் பிள்ளை தீர்மானிக்க விடுவீர்களா?

அடுத்த இதழில்: 1954-இல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமயமலை மலையேற்றக் கழகமும், அங்கே களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்ற டென்சிங் நார்கேயும்.