துறைமுகக் கணக்கில் பெண்ணுடல்

1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் இரண்டு பக்கம்கூட வராது. நோயாளிக்கு அரசு என்ன செய்யக் கடமைப்பட்டது என்று அதில் ஒரு வரியையாவது கண்டுவிட முடியுமா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. பயணிகளைச் சோதிக்கலாம், சந்தேகப்படுகிறவர்களைப் பிரித்து வைக்கலாம், மீறுகிறவர்களைத் தண்டிக்கலாம். நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொல்லும் அதிகாரிமீது வழக்குத் தொடர முடியாது.

1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் கண்டறியப்பட்டது. காலராவும் பஞ்சமும் லட்சக்கணக்கில் உயிர்களைக் கொண்டுபோனபோது காட்டாத அவசரத்தைக் காலனிய அரசு இப்போது காட்டியது. ஐரோப்பியத் துறைமுகங்கள் இந்தியச் சரக்கைத் திருப்பிவிடும் என்ற பயம் அதற்கு. பிப்ரவரி 4ஆம் தேதி சட்டம் வந்தது. அதே மாதம் வெனிஸில் பிளேக் குறித்த பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது.

வணிகத்தைக் காக்கும் அந்த வேலை பெண்ணுடல்மீது நடந்தது. நெறிகட்டியிருக்கிறதா என்று ரயில் நிலையங்களில் அக்குளையும் தொடையிடுக்கையும் சோதித்தார்கள். புணேயில் ராண்டின் தலைமையில் சிப்பாய்கள் வீடுகளுக்குள் நுழைந்தார்கள். ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். தேசிய வரலாறு இதைக் குடும்ப மானத்தின் கதையாகவே சொல்லிவருகிறது. அந்தக் கதையில் பெண் பேசுவதில்லை.

பேசிய பெண் இருந்தார். பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பண்டிதா ரமாபாய் பத்திரிகையில் எழுதினார், ஆளுநர் மறுத்தார். சாவித்திரிபாய் புலே, மருத்துவரான மகன் யஷ்வந்துடன் சேர்ந்து புணேயின் புறத்தே நோயாளிகளைப் பராமரித்தார். அவரையும் பிளேக் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார்.

சோதனைக்கும் காவலுக்கும் அரசு செலவிட்டது. பராமரிப்பைப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்தார்கள். நிதிநிலைக் கணக்கின் இந்தப் பிரிவினை காலனியத்தோடு முடியவில்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன். 2020இல் கொரோனாவுக்கு மாநிலங்கள் கையிலெடுத்ததும் இதே சட்டத்தைத்தான். வீடுவீடாகப் போன ஆஷா பணியாளர்கள் அரசின் ஏட்டில் 'தன்னார்வலர்கள்'. அந்தக் கொரோனா வேலைக்கு ஒன்றிய அரசு முதலில் நிர்ணயித்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

ஊழியர் என்று ஏற்றுக்கொண்டால் ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் தர வேண்டிவரும். 'சேவை' என்று புகழ்ந்துவிட்டால் செலவு மிச்சம். அடுத்த தொற்றுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் முதல் பிரிவிலேயே அந்தப் பெண்களின் சம்பளத்தை எழுதட்டும்.