அசையாப் பொருளும் ஒற்றை நிறமும்

மேசைமீது ஒரு வெள்ளீயத் தட்டு. அதனருகே பாதி தோலுரித்த எலுமிச்சம்பழம். பச்சைக் கண்ணாடிக் கிண்ணம். ஒரு ரொட்டித் துண்டு. பஞ்சாங்கத் தாளைச் சுருட்டி, அதனுள் இட்ட மிளகு. படத்தின் பொருள் இவ்வளவே. ஒல்லாந்து நாட்டு ஹார்லெம் நகரிலே 1620ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில், பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹேடா என்னும் ஓவியர் இருவர் இத்தகைய சிறு படங்களை வரைந்து புகழெய்தினர். சாம்பல், மங்கிய பச்சை, கபிலம் என ஒரே குலத்து நிறங்களுக்குள் படம் முழுவதையும் அவர்கள் அடக்கினர்.

இதற்குக் காரணம் ரசனை மட்டுமன்று. மண்ணிலிருந்து பெறும் கபில நிறங்கள் மலிவானவை. நீலமோ விலை மிக்கது. சில நிறங்களைக்கொண்டு விரைவில் முடிக்கும் படத்தைக் குறைந்த விலைக்கு விற்கலாம். நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கிச் சுவரில் மாட்டினர். சிக்கனத்திலே பிறந்த முறை, கலையிலே ஒரு நுட்பமாயிற்று. நிறம் குறைந்தவிடத்து, ஒளியே வேலை செய்ய வேண்டியதாயிற்று.

நேயர்களே, அந்த மிளகு கீழ்த்திசைச் சரக்கு. அதனைத் தேடி வந்தவரே 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். ஹேடா அப்பொழுது உயிருடன் இருந்தார். ஒல்லாந்தரோடு இங்கு வந்த போதகர் பால்டேயஸ், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலிலே நம் நாட்டைச் செதுக்குப் படங்களில் காட்டினார். வடபகுதி மண்ணிலே தோண்டியெடுத்த சாயவேரின் சிவப்பும் அவர்களுக்கு வாணிபப் பொருளாயிற்று. நிறம் இங்கிருந்து சென்றது. அந்த மேசைப்படக் கலை இங்கு வந்து வேரூன்றவில்லை.

பொருள்களை எதிரே வைத்துப் பார்த்து வரையும் பயிற்சி, பிற்காலத்தில் ஆங்கிலேயர் வகுத்த சித்திரக் கல்வி வழியாகவே நம்மவரிடையே பரவிற்று. 1920ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து சித்திர வித்தியாதரிசியாய்ப் பணியாற்றிய சார்ள்ஸ் வின்சர், அக்கல்விக்குப் புத்துயிர் தந்தவர். அவர் பெயராலேயே ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்திலே வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவினார். அடுத்த தலைமுறையில் குருநகரிற் பிறந்த அ. மாற்கு, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கி மாணவர்க்கு நவீன ஓவியத்தின் வாயிலைத் திறந்தார். விடுமுறை நாளில் கற்பித்தவர் என்றால் எளிதாகத் தோன்றும். வாரமெல்லாம் பாடசாலையில் உழைத்த ஆசிரியருக்கு விடுமுறையின் அருமை தெரியும்.

இவர்களின் படங்களைப் பார்த்து இவ்வரலாற்றை முழுமையாக எழுதலாமா எனின், அது அரிது. 1995 ஒக்டோபர் இறுதியிலே யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் பெயர்ந்து நடந்தன. கையில் எடுத்தது குழந்தையும் உடுபுடவையுமே. சுவரிலிருந்த படத்தை எடுத்தவர் எத்தனை பேர்? அந்நாளில் இழந்தவற்றுள் மாற்குவின் ஓவியங்கள் பலவும் அடங்கும். அவர் 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஆயினும் ஹார்லெம் மேசைக்கு ஒப்பான மேசை நம் வீட்டில் இல்லாமல் இல்லை. ஓலைக் குட்டானில் பனங்கட்டி, காய்ந்த ஒடியல், பழைய நீற்றுப்பெட்டி, ஒரு மண்சட்டி: யாவும் கபிலமே. வரையத் தொடங்கினால் தொல்லை புரியும். ஓலையின் கபிலத்திலே மஞ்சள் ஒளிந்திருக்கிறது, பனங்கட்டியிலே கருமை, சட்டியிலே செம்மை, ஒடியலோ வெண்மையை நோக்கிச் சாய்கிறது. நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் படம் செத்துவிடும். கபிலத்தோடு சிறிது நீலம் கலத்தல் வேண்டும். இத்தாலிய ஓவியர் மொராண்டி 1964இல் இறக்கும்வரை சில போத்தல்களையும் சாடிகளையுமே மீண்டும் மீண்டும் இடம் மாற்றி வைத்து வரைந்தார். நம் ஓவியர்க்குக் குட்டானும் சட்டியும் போதும்; படமும் ஒரு கையில் எடுத்துச் செல்லும் அளவினதாயிருக்கும்.